மேல்மாடியில் கசிந்த மூட்டு

ஆக்லாந்து குளிர்கிற ஊரில்லை என்று சொல்லுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பனி கொட்டாது, உண்மைதான். ஆனால் அந்த ஊரின் குளிர் ஈரமாக வந்து நிலத்தில் இறங்கும். முழங்காலில் நின்று நிலம் துடைத்தவளைக் கேட்டால் தெரியும். எண்பதுகளின் நடுவில் நான் அந்த வேலைதான் செய்தேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த நான், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பெண்கள் விடுதியில் நிலம் துடைத்தேன். அதைப்பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. வேலை வேலைதான். என் கோபம் வேறொன்றைப் பற்றியது.

அதே விடுதியில் என் கணவரும் வேலை பார்த்தார். கதவுப் பூட்டு, மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலி, குழாய், பாயிலர் என்று எதற்கும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் இவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். வாய்க்காலையும் மதகையும் தாளில் கீறிக் கொடுத்த மனிதர். எதையும் நேராகப் பார்க்காவிட்டால் இவருக்கு நித்திரை வராது. வீட்டில் சுவாமிப் படங்கள்கூட அடிமட்டம் வைத்து மாட்டப்பட்டவை. பிள்ளையார் கொஞ்சம் சரிந்து நின்றாலும் இவர் விடமாட்டார்.

விடுதி செங்கல்லால் கட்டிய பழைய இரண்டு மாடிக் கட்டடம். சுற்றியிருந்த மரவீடுகளுக்கு நடுவில் அது ஒன்றுதான் கனமாக நிற்கும். அதற்கு வெப்பம் கொடுத்தவை வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள். காணாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பளவு உயரத்தில், சீப்புப் பல்லைப் போல வரிசையாக நிற்கும் இரும்பு அது. நிலவறைப் பாயிலரில் சூடான தண்ணீர் குழாய்வழியே ஏறி, அதற்குள் ஓடி, ஆறி, திரும்ப இறங்கும். குழாய் வந்து வால்வில் முடிகிற இடத்திலும், வால்வு ரேடியேட்டரோடு சேருகிற இடத்திலும் திருகுபுரி போட்ட மூட்டுகள் இருக்கும். அந்தப் புரிகள் எங்கள் அப்பாவின் வயதுடையவை. துருப்பிடித்துத் தேய்ந்துபோனவை. ஒவ்வொரு குளிர்காலமும் ஏதாவது ஒரு மூட்டு அழத் தொடங்கும். அதன் கீழே ஒரு ஜாம் போத்தலை வைப்பது என் வேலைகளில் ஒன்று.

அந்த வருடம் கோடை முடிகிற நேரம் என் தம்பி வந்து சேர்ந்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அவன் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தவன், ஒரு நாள் கடையே இல்லாமல் போன பிறகு கொழும்புக்கு வந்து, எத்தனையோ பேரின் கையைக் காலைப் பிடித்து எங்களிடம் வந்தான். சுற்றுலா விசா. அது முடிந்தால் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டோம்.

அவனுக்கு வழி திறந்தவர் இவர்தான். அதை மறைக்க நான் தயாராக இல்லை. விடுதியின் மேலாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. மெலிந்தவர், கணவனை இழந்தவர், நேரம் தவறாதவர். அவரிடம் இவர் போய், இந்தமுறை மூட்டுகளையெல்லாம் கழற்றிப் புதிதாகப் பூட்டினால் குளிர்காலத்தில் தொல்லையில்லை, ஆனால் எனக்கு இன்னொரு கை வேண்டும், என் மைத்துனன் இருக்கிறான் என்று கேட்டார். அந்த அம்மா யோசித்து ஒப்புக்கொண்டார். குளிர்காலம் முடியும்வரை தற்காலிக வேலை, அதற்கான அனுமதி எடுத்துத் தருகிறேன் என்றார். குளிர்காலம் முடிந்த பிறகும் அவன் தேவைப்படுகிறான் என்று தனக்குத் தோன்றினால், அவனை நிரந்தரமாக வைத்துக்கொண்டு குடிவரவுத் திணைக்களத்துக்கும் எழுதுவதாகச் சொன்னார். அவ்வளவுதான். என் தம்பியின் உயிர் ஒரு குளிர்காலத்தில் வந்து தொங்கியது.

நான் அன்றைக்கே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அப்போது ஆக்லாந்தில் எங்களுக்குக் கோயில் கிடையாது. சுவரில் இவர் நேராக மாட்டிய படத்துக்குத்தான் வைத்தேன்.

இலையுதிர்காலத்தில் தண்ணீரை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். மேல்மாடி இவருக்கு, கீழ்மாடி தம்பிக்கு. முதல் நாள் இவர் அவனுக்குச் செய்து காட்டினார். பழைய மூட்டைக் கழற்ற வேண்டும். கம்பித் தூரிகையால் புரியைச் சுரண்டித் துருவை எடுக்க வேண்டும். புரி வழுவழுப்பாக இருந்தால் வாள் அலகால் கொஞ்சம் கீறிவிட வேண்டும், அப்போதுதான் சணல் பிடிக்கும். பிறகு சணல் நாரை மெல்லியதாகப் பிரித்து, புரி ஓடுகிற திசையிலேயே சுற்றி, அதன்மேல் பசை பூசி, முறுக்க வேண்டும். பசை ஆளிவிதை எண்ணெய் மணக்கும். தண்ணீர் பட்டதும் சணல் ஊதி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஊரில் கிணற்று மோட்டார்க் குழாய்க்கு நூல் சுற்றிப் பெயின்ட் பூசுகிற அதே கதைதான், சாமான்தான் வேறு.

தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். நாளெல்லாம் நிலத்தில் கிடந்து செய்வான். பின்னேரம் வரும்போது தாடியிலும் சணல் ஒட்டியிருக்கும். நான் கேலி செய்வேன்.

"என்னடா, கும்பத்துக்குச் சுத்திற நூல் மாதிரிக் கிடக்குது உன்ர முகம்."

"சுத்தின பிறகுதானே அக்கா கும்பத்துக்கு மரியாதை," என்பான்.

அந்த நாட்களில் அவன் சிரித்தான். வந்த புதிதில் சிரிக்கவில்லை.

ஆனால் இவருக்கு ஒரு வாரத்தில் சணல் அலுத்துவிட்டது. கை பிசுபிசுக்கிறதாம், மூட்டில் மயிர் நீட்டிக்கொண்டு நிற்கிறதாம், பார்க்க வடிவில்லையாம். கடைக்குப் போய் ஒரு பெட்டி வெள்ளை டேப் வாங்கிவந்தார். வழுவழுப்பான, ஒட்டாத, மெல்லிய டேப். புரியில் சுற்றி முறுக்கினால் சரி, பசையும் வேண்டாம், கையும் கழுவ வேண்டாம். புதுக் குழாய்க்கு அது நல்ல சாமான்தான். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் இதைப்பற்றிக் கதை வந்தது.

"அத்தான், டேப் பெட்டியில ஒண்டு எழுதியிருக்கு. முறுக்கின பிறகு பின்னுக்குத் திருப்பக் கூடாதாம்," என்றான் தம்பி.

"அதெல்லாம் எழுதத்தான் எழுதுவாங்கள்."

"இல்லை, பழைய புரி தேஞ்சு போய்க் கிடக்குது. சணலெண்டால் ஊதி அடைக்கும். டேப் ஊதாது."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "நீ எத்தினை நாளாய்ப் பைப் பூட்டுறாய், தம்பி?"

தம்பி குனிந்து சாப்பிடத் தொடங்கினான். அக்காவின் புருசனோடு வாதாடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அத்தான் சொன்னால் சொன்னதுதான். அத்தான் பகலில் நிலா தெரிகிறது என்றால், ஓம் அத்தான், வடிவான நிலா என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதனால் மேல்மாடி வெள்ளை, கீழ்மாடி மண்ணிறம் என்று ஆகிவிட்டது. மேலாளர் அம்மா ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தபோது இவரே அதைப் பெருமையாக விளங்கப்படுத்தினார். வெள்ளை என்னுடைய முறை, புது முறை. மண்ணிறம் இவனுடைய முறை, பழைய முறை. அந்த அம்மா தலையாட்டினார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். வால்வை முறுக்கும்போது கடைசியில் அது ரேடியேட்டரைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டையும் சேர்க்கலாம். முறுக்கிவரும்போது கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் கழற்றி, புதிதாகச் சுற்றி, மறுபடி முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு முழுச்சுற்று இறுக்க வேண்டும். தம்பி கழற்றுவான். முணுமுணுத்துக்கொண்டு கழற்றுவான். இவர் கழற்றமாட்டார். தாண்டிப்போனதைப் பின்னுக்கு எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, நேராகிவிட்டது என்று ஸ்பனரைக் கீழே வைப்பார். விருந்தாளிகள் இருக்கும் மேல்மாடிக் கூடத்தில் அப்படித்தான் செய்தார். வால்வு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

மே மாதம் பாயிலர் மூட்டினார்கள். கசிவு ஒன்றுமில்லை. ஜாம் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மேலாளர் அம்மா நடைவழியில் தம்பியைக் கண்டு, நல்ல வேலை என்றாராம். அவன் அதை வீட்டுக்கு வந்து இரண்டுமுறை சொன்னான். அடுத்த வருடம் இந்த நேரம் சொந்தமாக ஒரு கார் வைத்திருப்பேன் என்றான். நானும் நம்பினேன்.

ஜூன் தொடக்கத்தில் நீண்ட வார இறுதி ஒன்று வரும். விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மேலாளர் அம்மாவும் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஆளில்லாத கட்டடத்துக்குச் சூடு எதற்கு என்று பாயிலரை இவர் நன்றாகக் குறைத்துவிட்டார், அது சரியான காரியம்தான். செவ்வாய்க்கிழமை விடிய வந்து ஏற்றிவிட்டார். ஆறிச் சுருங்கின இரும்பு திரும்பச் சூடாகி விரிந்திருக்கிறது. அந்த இடையில் எப்போதோ மூட்டு விட்டுக்கொடுத்துவிட்டது.

நான் வாளியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனபோது மேற்கூரைச் சாந்து மேசைகள்மேல் கிடந்தது. நடுவில் பெரிய பள்ளம். மரச் சலாகைகள் தெரிந்தன. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. போன கோடையில்தான் அந்தக் கூடத்துக்குப் புது நிலம் போட்டிருந்தார்கள், செந்நிற மரப் பலகை. அது ஈரத்தில் ஊறி விளிம்புகள் எழும்பி நின்றன. மேலாளர் அம்மா அந்த நிலத்துக்காக நிர்வாகக் குழுவோடு மூன்று வருடம் சண்டை பிடித்தவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேலே ஓடினேன். விருந்தாளிக் கூடத்தின் கம்பளம் காலின்கீழ் சளக் சளக்கென்றது. ஜன்னலடி ரேடியேட்டர். நேராக நின்ற அந்த வால்வு. அதன் அடிமூட்டிலிருந்து வெள்ளை டேப் ஒரு துண்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்து தொங்கியது, அதன் நுனியால் தண்ணீர் வடிந்தது. கண்ணால் கண்டேன். யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவரும் தம்பியும் ஓடிவந்தார்கள். தம்பி நிலவறைக்கு இறங்கி மேல்மாடித் தண்ணீரை இறக்கினான். இவர் வால்வைக் கழற்றினார். கழற்றிய டேப்பைச் சுருட்டிச் சுவரோரம் எறிந்தார். ஒரு நிமிடம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"தம்பி, உன்ர சணலைக் கொண்டு வா."

தம்பி கொண்டுவந்து கொடுத்தான். இவர் சணலைப் பிரித்து, நிதானமாகச் சுற்றி, பசை பூசி, அழகாக முறுக்கினார். தாண்டிப்போனபோது கழற்றி மறுபடியும் சுற்றினார். எல்லாம் தெரிந்த மனிதர். அன்றைக்கு எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். நான் நனைந்த கம்பளத்தைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன். சுவரோரம் கிடந்த டேப்பைக் குப்பையோடு சேர்த்து எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டேன். அது பழக்கம், வேறு நினைப்பில் செய்யவில்லை.

மத்தியானம் மேலாளர் அம்மா வந்தார். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு மேலே வந்து மூட்டைக் குனிந்து பார்த்தார். மண்ணிற நார் நுனிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

"இது இளையவரின் முறை, இல்லையா?" என்று கேட்டார்.

"ஆம், இது அவருடைய முறை," என்றார் இவர்.

பொய்யில்லை. ஒரு சொல்லும் பொய்யில்லை. இப்படி ஒரு உண்மையைச் சொல்லுகிற வாய்க்குப் பொய்யே மேல் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேலாளர் அம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். "உடைந்தது நீங்கள் பூட்டிய மூட்டா?"

தம்பி இவரைப் பார்த்தான். இவர் ஸ்பனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இருக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, ஆம், மன்னிக்க வேண்டும் என்றான்.

சணலை இவர் வேண்டுமென்றேதான் சுற்றினாரா, அல்லது இனியாவது கசியக் கூடாது என்று சுற்றினாரா, எனக்குத் தெரியாது. நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, மறைக்கும்போது பசி மட்டும்தான் இருந்ததா என்று யார் கண்டது?

வெள்ளிக்கிழமையோடு தம்பி வேலையை விட்டு நிற்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவரைக் கேட்டேன். தம்பி வெளியே எங்கேயோ நடக்கப் போயிருந்தான்.

"அது உங்கட மூட்டு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன?"

"என்னவோ? அவன்ர வேலை போகுது. விசா போகுது."

"நான் சொல்லச் சொன்னனானோ? அவன்தான் வாயைத் திறந்து சொன்னவன்."

"நீங்கள் வாயைத் திறக்கேல்லை. அதாலதான் அவன் திறந்தவன்."

இவர் சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னார். "இஞ்ச பாரப்பா. அவன் தனி ஆள், இளம் பெடியன். எங்கயும் போய்ப் பிழைப்பான். என்ர வேலை போனால் உன்னையும் பிள்ளையளையும் ஆர் பாக்கிறது? அவனையும் சேர்த்து ஆர் பாக்கிறது? அவனுக்கு அது விளங்கினது. படிச்ச உனக்குத்தான் விளங்கேல்லை."

அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம். நியாயமெல்லாம் பேசி முடித்தபிறகும் அந்த மூட்டு இவர் பூட்டினதாகத்தானே இருக்கிறது? என் தம்பி திரும்பிப் போய் எந்தச் சந்தியில் எந்த ஆமிக்காரன் கையில் அகப்படுவான் என்று இவருக்குக் கணக்கில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டன.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும். அடுத்த நாள் காலை நான் மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். கையில் அந்த வெள்ளை டேப். எனக்கு அப்போது ஆங்கிலம் வாசிக்க நன்றாக வரும், பேசத்தான் நடுக்கம். அன்றைக்கு நடுங்கவில்லை. இந்த மூட்டைப் பூட்டியது என் கணவர், என் தம்பி இல்லை, நான் பார்த்தேன், இது அதிலிருந்து எடுத்தது என்று சொன்னேன். சொல்லும்போது என் முகம் சூடாக இருந்தது. வெட்கம் இல்லை, கோபம்தான்.

அந்த அம்மா கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது மேல்மாடி முழுக்க இருக்கிறதே," என்றார்.

"ஆம். மேல்மாடி முழுக்க அவர்தான்."

"உங்கள் தம்பி தான்தான் என்று சொன்னார். உங்கள் கணவர் பக்கத்தில் நின்றார், மறுக்கவில்லை. இப்போது நீங்கள் வந்து வேறு சொல்கிறீர்கள். ஒரே வீட்டில் மூன்று பேர். நான் யாரை நம்புவது?"

"என்னை," என்றேன்.

அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன். முகத்தில் தெரிந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, குழுவுக்கு நேற்றே அறிவித்தாயிற்று என்றார். பொய் சொன்ன ஒருவரை எப்படி வைத்திருப்பது என்றார். பொய் அவனுடையது இல்லையே என்றேன். "அவர் வாயிலிருந்துதானே வந்தது?" என்றார். அப்படியானால் கணவரும் போக வேண்டுமே என்று நானே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பிள்ளைகளின் நினைவு வந்தது. அந்த அம்மா பெருமூச்சு விட்டார். குளிர்காலம் தொடங்கிவிட்டது, இந்தப் பாயிலரை மூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றார். நாளைக்கு விடிய யார் மூட்டுவது என்று என்னையே கேட்டார்.

நியாயம் என்பது பாயிலருக்குப் பிறகுதான் வரும் என்று அன்றைக்குப் படித்தேன். அந்த அம்மாவும் நல்லவர்தான். நல்லவர்களாலேயே நாங்கள் நாசமானோம்.

அன்று பின்னேரம் அவர் இவரைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், படுத்தார். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது தம்பியைத்தான். அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஏன் அக்கா போய்ச் சொன்னனீங்கள்?"

"உனக்காகத்தான் சொன்னனான்."

"நான் கேட்டனானோ? அத்தான்ர மானத்தை வெள்ளைக்காரிக்கு முன்னால வித்துப்போட்டு வந்து நிக்கிறியள். நான் என்னத்துக்கு அந்தப் பழியை எடுத்தனான்? உங்கட குடும்பம் நிக்கவேணும் எண்டுதானே. இப்ப எனக்கும் வேலையில்லை, அவருக்கும் மரியாதையில்லை. என்ன லாபம்?"

"உண்மை எண்டு ஒண்டு இருக்கடா."

"அதை வைச்சு என்ன செய்யிறது அக்கா? மூட்டுக்குச் சுத்தலாமோ?"

இப்படிக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். நான் அடுப்பை நிறுத்திவிட்டு நின்றேன். அவனுக்கென்று சூடாக்கிய பருப்பு அடிப்பிடித்திருந்தது, அதைச் சுரண்டிக் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குத் தெற்கே பாபகூரா பக்கம் போனான். ரயிலில் ஒரு பெட்டியோடு போனான், நிலையத்துக்கு இவர்தான் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு தோட்டத்தில் முட்டைக்கோவா வெட்டுகிற வேலை. விசா முடியும்வரை ஒவ்வொரு வாரமும் நான் வானொலியில் வரும் இலங்கைச் செய்திக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவன் என்னோடு தொலைபேசியில் கதைப்பதில்லை. இவர் எடுத்தால் கதைப்பான். இவர் சிரித்துக் கதைப்பது கூடத்தில் கேட்கும். என்னிடம் வந்து, "சுகமாய் இருக்கிறானாம்," என்பார், பேப்பரில் படித்த செய்தி மாதிரி.

ஊர்ச் சனத்துக்கும் கதை போய்விட்டது. ஆக்லாந்தில் அப்போது நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. பொங்கலுக்கு வாடகை மண்டபத்தில் கூடியபோது ஒரு மனிசி என் காதுபடவே, புருசனைக் காட்டிக் குடுத்தவள் இவதான் என்றா. இன்னொருத்தி மலேசியாவிலிருந்து வந்தவள், பாவம் அவங்க, தம்பிக்காகத்தானே செஞ்சாங்க என்றாள். அதற்கு முதல் மனிசி, தம்பியே கேட்கவில்லையாமே என்றா. நான் பொங்கல் பானையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அகப்பையை அவவின் தலையில் போடவில்லை. அது என் வளர்ப்பு.

தம்பி திரும்பிப் போகவில்லை. அந்த மட்டுக்கும் கடவுள் இருந்தார். விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போது சிட்னியில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. நல்ல பிள்ளை, ஆஸ்திரேலியக் குடியுரிமை. அந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்து, தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசி முடித்து வைத்தவர் இவர். பெண்ணின் தகப்பன் இவருடைய ஒன்றுவிட்ட சகோதரம். இவர் இப்படித்தான் கடன் தீர்ப்பார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். தம்பிக்கு அது போதுமாக இருந்தது. ஆண்களுக்கு அது போதுமாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் அத்தானின் காலில் விழுந்தான். என் காலிலும் விழுந்தான், முறைக்கு.

பிறகு அந்தப் பத்தாண்டு முடிகிற கோடையில் அவன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் எங்களிடம் வந்து நின்றான். உடம்பு வைத்திருந்தான். சிட்னியில் நல்ல வேலை. முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இவரும் அவனும் முற்றத்தில் பியரோடு இருந்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது.

"அந்த ஹொஸ்டல் இப்பவும் கிடக்குதோ அத்தான்?" என்றான் தம்பி.

"கிடக்குது. இப்ப மின்சார ஹீற்றர் போட்டிட்டாங்கள். நாங்கள் பட்ட பாடு."

"பழைய இரும்பு. ஆர் பூட்டினாலும் கசிஞ்சிருக்கும்."

"ஓமோம். அதுதான் நானும் சொல்லுறது."

இருவரும் சிரித்தார்கள். ஆர் பூட்டினாலும். என் கை சவர்க்கார நுரைக்குள் அப்படியே நின்றது. நாலு வருடத்தில் அவர்கள் அந்த மூட்டுக்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டார்கள். நான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

"தம்பி, ஒருக்கா உன்ர வாயால் சொல்லு. அந்த மூட்டை ஆர் பூட்டினது?"

தம்பி போத்தலைப் பார்த்தான். இவர் வானத்தைப் பார்த்தார். தம்பியின் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"விடுங்கோ அக்கா. பழைய கதை," என்றான்.

"எனக்குப் பழசில்லை."

"பிள்ளை நித்திரை. சத்தம் போடாதையப்பா," என்றார் இவர்.

நான் உள்ளே போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன்.

அவர்கள் நின்ற நாட்கள் முழுக்க நான் சமைத்தேன். நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, அவனுக்குப் பிடித்த ஒடியல் கூழ். எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டான், நல்ல கை அக்கா உங்களுக்கு என்று சொன்னான். அந்த மூட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. ஒரு சொல் போதும் எனக்கு. ஓம் அக்கா, அது அத்தான்ர. அதைச் சொன்னால் நான் அந்த விசயத்தைக் குழிதோண்டிப் புதைத்திருப்பேன்.

போகிற அன்று விமான நிலையத்தில் இவர் பெட்டிகளை இறக்கி வண்டிலில் அடுக்கப் போனார். மனைவி குழந்தையோடு முன்னால் நடந்தாள். தம்பி மட்டும் கார் கதவடியில் நின்றான். என் தோளில் கை வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன, பொய்க் கலக்கமில்லை. இப்போதாவது வருகிறது என்று நினைத்தேன். 

"அக்கா, ஒண்டையும் மனசில வைச்சிருக்காதேங்கோ," என்றான். "நீங்கள் அண்டைக்குச் செய்ததை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். அத்தானும் மன்னிச்சிட்டார்."

நான் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். பிளேனுக்கு நேரமாகுது, போ என்று சொன்னேன்.